பூனைக்கண் வளைவு

"வளைவுக் கல்லுக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சது?"

கல்யாணம் முடிந்தபின் என் கணவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான். அதுவரை "ம்", "தண்ணி", "வெளக்க அமத்து" என்பதோடு எங்கள் தாம்பத்தியப் பேச்சு முடிந்துபோகும்.

அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் ஊபி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்ததும் மிளகாய் இடித்த துவையலும். உப்பு பெயருக்குத்தான். நான் அடுப்பில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் புகை.

"நாந்தாங்க. நானும் பக்கத்து வீட்டுக் காளியம்மாளும்" என்றேன்.

"மேல மட்டும் பூசியிருக்கு."

"மேலதாங்க மழை விழுந்து அழியுது. அதான் மேல பூசினோம்."

"மேல பூசினா யாரு பாக்கறது? ஏரோப்ளேன்ல போறவன் பாப்பான். லோரிக்காரனுக்கு எதிர்ல நிக்கற முகம்ல தெரியணும்."

போன வாரம் ஊபிச் சோற்றைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே" என்று கேட்டிருந்தார். அம்மா, அவரைப் பற்றி எழுதவேண்டுமானால் சாலையோரக் கல்லிலிருந்துதான் தொடங்கவேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைக் கல் வரிசை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். மத்தியானம் தாண்டினால் பனி இறங்கிவிடும். எங்கள் தோட்டம் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவில் இருந்தது. பனி நாட்களில் எதிர்வீட்டு வாசலில் காய்கிற சேலையின் நிறம் தெரியாது.

அப்படிப்பட்ட சாலையில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் துணை ஓரத்தில் இருந்த வெள்ளைக் கற்கள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சாலை இலாகா ஆட்கள் டின் டின்னாகச் சாயம் கொண்டுவந்து அடிப்பார்கள். பெரிய வளைவுகளில் சாலை நடுவிலும் வெள்ளைக்கோடு உண்டு. எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த மோசமான வளைவில் மட்டும் மரக் கம்பங்கள் நட்டு, அவற்றில் கண்ணாடிப் பொத்தான்கள் பதித்திருந்தார்கள். வண்டி விளக்கு பட்டதும் அவை பளிச்சென்று மின்னும். அதனாலேயே அதற்குப் பூனைக்கண் வளைவு என்று பெயர்.

ஜப்பான்காரன் வந்தான். சாயம் வருவது நின்றது. வெள்ளைக்காரன் ஓடிய குழப்பத்தில் யாரோ கண்ணாடிப் பொத்தான்களையெல்லாம் நெம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கம்பங்களில் குழி மட்டும் மிஞ்சியது. கண் பிடுங்கின முகம் மாதிரி இருக்கும்.

இப்போது புதுச் சாலைகளில் தார் நடுவிலேயே அந்தக் கண்களைப் பதித்துவிடுகிறார்கள். பேரன் காரில் போகும்போது அவை ஒவ்வொன்றாக விழித்து விழித்து மறைவதைப் பார்ப்பேன். பேரனுக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்கு அப்படியில்லை.

நாங்கள் ரோட்டுக்கு வந்த கதை

தேயிலைக்கு அப்போது மதிப்பில்லை. வாங்குகிற கப்பல் வந்தால்தானே? பாதி மலையில் தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. மீதியைப் பிடுங்கிவிட்டு ஊபியும் கீரையும் போடச் சொன்னார்கள். ஆண்களில் நல்ல உடம்புக்காரர்களை ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். காளியம்மாளின் புருஷனும் அப்படிப் போனவர்தான்.

என் கணவர் சவரிமுத்து தப்பியதற்கு ஒரே காரணம், அவருக்கு லோரி ஓட்டத் தெரியும். மலையில் விளைகிற காய்கறி பட்டாளத்துக்குப் போயாகவேண்டும். விடியக் காலையில் மூட்டைகளோடு தாப்பாவுக்கு இறங்குவார். சாயங்காலத்துக்குள் திரும்புவார். பெட்ரோல் ஏது? வண்டியின் பின்பக்கம் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டிய லோரி அது. ஏற்றத்தில் ஆஸ்துமா வந்த கிழவர் மாதிரி இழுக்கும். நடு மேட்டில் ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

கல்யாணமாகாத பெண்களை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம். எங்கள் கல்யாணமும் அந்த அவசரத்தில் நடந்ததுதான். உபதேசியார் ஜெபம் சொன்னார், அப்பா அழுதார், ஆளுக்கொரு குவளை வரக்காப்பி கொடுத்தோம். முடிந்தது. மாப்பிள்ளையின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே மறுநாள்தான்.

ஆண்கள் இல்லாததால் சாலை வேலை பெண்கள் தலையில் விழுந்தது. கானை, அதாவது ரோட்டோர வாய்க்காலை, வெட்டுவது, லாலான் புல்லைச் செதுக்குவது, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஹமீது என்ற மலாய்க்காரர். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் எதையாவது பார்த்து "ரோசாக்!" என்பார். கெட்டுப்போச்சு என்று அர்த்தம். என் பெயர் ரோசம்மா. அவர் உடைந்த மண்வெட்டியைப் பார்த்து "ரோசாக்" என்றாலும் நான் "என்னாங்க மண்டோர்?" என்று ஓடுவேன். காளியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். புருஷன் போனபிறகு அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான். அதனால் மலாய் நன்றாகப் பழகியபிறகும் சில நாள் வேண்டுமென்றே ஓடியிருக்கிறேன்.

தட்டில் ஓடிய லோரி

அன்றைய சாப்பாட்டுக்குத் திரும்புகிறேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுண்ணாம்பில் கை வெந்து தோல் உரிந்திருந்தது. பாராட்டாவிட்டாலும் பரவாயில்லை, ஏரோப்ளேன் என்று கிண்டல் வேறா?

"கீழேர்ந்து வர்ற லோரிக்கு ஒரு முகம். மேலேர்ந்து வர்ற லோரிக்கு இன்னொரு முகம். ரெண்டுக்கும் பூச சுண்ணாம்புக்கு எங்கங்க போறது?" என்று கேட்டேன்.

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு தட்டிலிருந்த கிழங்குத் துண்டுகளை எடுத்துத் தட்டின் விளிம்பில் வளைவாக அடுக்கினார். மண்ணெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் ஊற்றிய எங்கள் சின்ன விளக்கை லோரி மாதிரி மெதுவாக நகர்த்தினார்.

"இந்தா பாரு. ஏறி வர்றப்ப எனக்குப் பள்ளம் இந்தப் பக்கம். அதனால பள்ளத்துப் பக்கத்துக் கல்லுதான் எனக்கு உசுரு. எறங்கறவன் மலையை ஒட்டிப் போவான், அவனுக்குப் பயமில்ல. ஏறி வர்ற வண்டி பாக்கற முகத்துக்கு மட்டும் அடி. மேல அடிக்கற சுண்ணாம்ப இங்க அடி. போதும்."

பார்த்தேன். விளக்கு பட்ட பக்கம் மட்டும் கிழங்கு மஞ்சளாக மின்னியது.

"சரிங்க" என்றேன். "இப்ப அந்த லோரியத் தள்ளி வைங்க, கெழங்கு ஆறுது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அதிலிருந்து தினமும் சாப்பிடும்போது ரோட்டைப் பற்றித்தான் பேச்சு. "ஓடைக்குப் பக்கத்துல மூணாவது கல்லு சாஞ்சிருக்கு." "நாளைக்கு நிமுத்தறேங்க." "பாலத்துகிட்ட புல்லு மறைக்குது." "அது காளியம்மா பங்கு, சொல்றேன்." மற்ற புதுப் பெண்டாட்டிகள் பூவைப் பற்றியும் வளையலைப் பற்றியும் பேசியிருப்பார்கள். எனக்குக் கல்லும் கானும் வாய்த்தன. குறையாகத் தோன்றவில்லை.

ஈயத்தாள்

ஆனால் பூனைக்கண் வளைவில் சுண்ணாம்பு நிற்கவில்லை. மேலே ஒரு ஓடை விழுகிறது, எப்போதும் சாரல். காலையில் அடித்தால் சாயங்காலம் வழிந்துவிடும்.

வழி கண்டுபிடித்தவள் காளியம்மாள். ஜப்பான் சண்டைக்கு முன்பு அவள் தேயிலை ஃபேக்டரியில் பெட்டி கட்டுகிற வேலை செய்தவள். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே வெள்ளி மாதிரி ஈயத்தாள் வைப்பார்கள் அல்லவா, அது ஃபேக்டரி மூலையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. தேயிலையே இல்லாதபோது பெட்டி எதற்கு?

ஒருநாள் மழைக்குப் போர்த்தியிருந்த சாக்குக்குள்ளிருந்து ஒரு சுருளை உருவினாள்.

"அடியே, இது பட்டாளத்துச் சாமான். பாத்தான்னா தலைய எடுத்துருவான்" என்று பதறினேன்.

"எடுக்கட்டும். தலைக்கு எண்ணெ வாங்கற செலவு மிச்சம்லா" என்றாள்.

மண்டோர் ஹமீது அதைப் பார்த்தார். பிறகு வெகு கவனமாக மலையின் உச்சியைப் பார்க்க ஆரம்பித்தார். மூங்கில் குச்சிகளில் தாளைச் சுற்றி நாரால் கட்டி, வளைவின் ஓரம் நெடுக நட்டோம்.

அன்று என் கணவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "பூனை கண்ணத் தொறந்துருச்சு ரோசா."

ஆனால் திறந்த கண்ணைத் திறந்தபடி வைத்திருப்பது தனி வேலை. இரண்டு நாள் விட்டால் தாளில் பாசியும் சேறும் படிந்து மங்கிவிடும். தினமும் ஒரு துணியோடு போய் ஒவ்வொரு குச்சியாகத் துடைப்போம். "கண்ணு தொடைக்கப் போவோமாடி" என்றுதான் காளியம்மாள் கூப்பிடுவாள். சொந்தக் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு நேரம் இல்லாமல்போனதும் ஒருவகையில் நல்லதுதான்.

மண் சரிந்த நாள்

ஒரு வாரமாக விடாத மழை. அன்று மத்தியானம் மழை சற்று ஓய்ந்து பனி இறங்கியது. நாங்கள் வளைவுக்கு மேலே கானில் அடைத்த மண்ணை வாரிக்கொண்டிருந்தோம். கீழே முன்னால் போன மண்டோரின் குரல் கேட்டது.

"ரோசாக்! ரோசாக்!"

"என்னாங்க மண்டோர்?" என்று ஓடினேன். காளியம்மாள் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தாள். வளைவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அறுந்துபோனது.

சாலையில் பாதி இல்லை. பள்ளத்துப் பக்கம் யாரோ வெட்டுக்கத்தியால் வெட்டியெடுத்த மாதிரி மண் அப்படியே உட்கார்ந்து கீழே போயிருந்தது. வெள்ளைக் கற்களும் போயின. ஆனால் எங்கள் குச்சிகளில் நாலைந்து மட்டும் போகவில்லை. இடிந்த விளிம்பில் வேர் பிடித்துத் தொங்கிய மண்கட்டியில் அவை நிமிர்ந்து நின்று மின்னிக்கொண்டிருந்தன. இந்த வழியாக வா, ரோடு இங்கேதான் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

கீழே எங்கோ லோரி இழுக்கிற சத்தம் கேட்டது.

சத்தம் போட்டால் கேட்காது. பக்கத்திலேயே ஓடை பெருக்கெடுத்து இரைந்துகொண்டிருந்தது. கையை ஆட்டினாலும் அவர் நிறுத்தமாட்டார். இலவசமாக ஏறிக்கொள்ள வழியெல்லாம் ஜனங்கள் கையை ஆட்டுவது வழக்கம். லோரியில் ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தால், யாருக்காகவும் நிறுத்தக்கூடாது என்பது உத்தரவு. மேட்டில் நின்றால் வண்டியும் கிளம்பாது. கல்லையும் ஈயத்தாளையும் நம்பித்தான் அவர் வளைவைத் திருப்புவார்.

"முதல்ல அந்தக் குச்சியப் பிடுங்கணும்" என்றேன்.

காளியம்மாள் சேற்றில் குப்புறப் படுத்தாள். நான் அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். மண்டோர் என் இடுப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, என் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவள் ஊர்ந்து போய் ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கிப் பின்னால் எறிந்தாள். கடைசிக் குச்சியோடு மண்கட்டியும் போனது. ஓடை இரைச்சலில் அது கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மலையை ஒட்டி மிஞ்சியிருந்த மண்ணில் ஒருவர் பின் ஒருவராகக் கீழ்ப்பக்கம் கடந்தோம். அங்கே குச்சிகளை ரோட்டுக்குக் குறுக்கே நட்டோம். கையில் அகப்பட்ட வெள்ளைக் கற்களையும் உருட்டி அதே கோட்டில் வைத்தோம். கோடு நெடுக்கில் போனால் வழி. குறுக்கில் வந்தால் நில். சாப்பாட்டுத் தட்டில் நாங்கள் இதைப் பேசியதில்லை. அவருக்குப் புரியவேண்டுமே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

பனிக்குள் இரண்டு மங்கல் விளக்குகள் தெரிந்தன. அந்த வெளிச்சம் வந்து தொட்டதும் ஈயத்தாள் மொத்தமும் ரோட்டின் குறுக்கே ஒரே கோடாகப் பற்றிக்கொண்டது.

லோரி இருமியது. நின்றது.

ஒரு அறையும் ஒரு மூட்டை உப்பும்

முதலில் குதித்தது அதிகாரி. இளவயதுக்காரன், கண்ணாடி போட்டவன். கத்திக்கொண்டே வந்தான். காளியம்மாள் கையில் மிச்ச ஈயத்தாள் இருந்ததைப் பார்த்தான். அது எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குச் சொல்லாமலே புரிந்தது. ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் கீழே விழுந்துவிட்டு எழுந்து நின்றாள். அழவில்லை. கையை நீட்டிக் குச்சிகளுக்கு அப்பால் காட்டினாள்.

அவன் நடந்து போனான். பனி அவனை மறைத்தது. திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. சிகரெட் எடுத்துப் பற்றவைத்தான். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. எங்களைப் பார்க்காமலேயே, மலைப்பக்கத்தை வெட்டி வழி உண்டாக்குங்கள் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டு, தானா ராத்தா பக்கம் நடந்தே ஏறிப் போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்து அவன் வேலையைப் பார்க்க வந்தபோது, கல்லில் சுண்ணாம்பு நிற்கவேண்டுமானால் அதில் உப்புக் கலக்கவேண்டும் என்று மண்டோர் ஹமீது மிகுந்த பணிவோடு சொன்னார். பொய் இல்லை, கலந்தால் நிற்கும்தான். ஆனால் ஒரு மூட்டை தேவையில்லை. வந்தது ஒரு மூட்டை. உப்புக்கு ஜனங்கள் ஆலாய்ப் பறந்த காலம் அது. கற்களுக்கு ஆளுக்கொரு பிடி கொடுத்தோம். மீதியை எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டுக்கும் பங்கிட்டோம்.

"ஒரு அறைக்கு ஒரு மூட்டையா? இன்னொரு கன்னம் சும்மாதான இருக்கு, கேட்டுப் பாருங்க மண்டோர்" என்றாள் காளியம்மாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அன்று என் வீட்டில் உப்புப் போட்ட கஞ்சியை முதல் வாய் வைத்ததும் குவளையைக் கீழே வைத்துவிட்டாள். "அது உப்பில்லாமயே போச்சுடி" என்றாள். புருஷனைத்தான் சொன்னாள். அவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

வா

லோரி நின்ற மறுநாள் காலை. லயத்தில் மிச்சமிருந்த ஆண் பெண் எல்லாரும் மலைப்பக்கத்தை வெட்டி, ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வழி பண்ணியிருந்தோம். நுழைகிற அளவுதான். பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

கரியை மூட்டி வண்டியைக் கிளப்பினார்கள். ஆண்கள் பின்னால் தள்ளத் தயாராக நின்றார்கள். மண்டோர் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல்லோடு நின்றார். முன்னால் நின்று வழிகாட்ட ஒருவர் வேண்டும்.

என் கணவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ரோசாவ நிக்கச் சொல்லுங்க. இந்த ஓரம் அவளுக்குத்தான் தெரியும்."

அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியின் பெயரைச் சொல்கிற வழக்கம் அப்போது இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. போய் நின்றேன். சக்கரத்தைப் பார்த்தபடி பின்னால் அடியெடுத்து நடந்தேன்.

"வாங்க... வாங்க... கொஞ்சம் மலப்பக்கம் ஒடிங்க... நில்லுங்க!"

நான் 'நில்லுங்க'வை முடிப்பதற்குள் சக்கரம் நாலு விரல் நகர்ந்துவிட்டது. விளிம்பிலிருந்து மண் பொடிந்து கொட்டியது. அவர் முகம் வெளுத்தது. மரியாதைக்கு அங்கே இடமில்லை.

"வா!" என்று கத்தினேன். "வா, வா, வா... நில்லு! ஒடி! இன்னும் ஒடி! வா... அப்படியே வா!"

கடைசிச் சக்கரமும் கெட்டி மண்ணில் ஏறியது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே காளியம்மாள் குரல்: "கேட்டீங்களா இந்தக் கூத்த! கட்டின புருசன நாயக் கூப்பிடற மாதிரி வா வாங்கறா! நில்லுங்கறா!"

லயம் முழுக்கச் சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கை கால் கழுவினார். வாசலிலேயே நின்றார். நான் தலையைத் தூக்காமல் தட்டை வைத்துவிட்டு, "வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

அசையவில்லை.

"காலைல ரோட்டுல எப்படிக் கூப்பிட்ட?"

"அது... நான் லோரியத்தாங்க கூப்பிட்டேன்."

"லோரி வந்துருச்சு. நாந்தான் இன்னும் வாசல்ல நிக்கறேன்."

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் காளியம்மாள் மூச்சுக்கூட விடாமல் இருப்பது எனக்குத் தெரிந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போனேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வா" என்றேன்.

உள்ளே வந்தார்.